குளிசை கதைத்த மாதங்கள்

தம்பிக்கு,

விமான நிலையத்துக்குப் போக வந்த வான் வாசலில் நிற்க, பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து நீ சொன்ன சொல்லுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சாரதி கேட்டுக்கொண்டு நின்றான். அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தார். எனக்கும் நின்று கதைக்க உடம்பில் தெம்பு இருக்கவில்லை. "அம்மா, உங்களுக்கு லேசெண்டு அப்பாவை நிப்பாட்டிப் போட்டீங்கள்" என்றாய். எஞ்சினை நிப்பாட்டுகிற மாதிரி. பிறகு வான் போய்விட்டது. நான் உள்ளே வந்து அப்பாவுக்குத் தண்ணீரும் குளிசையும் கொடுத்தேன். அவர் விழுங்கி முடிக்கும்வரை நின்றேன். அதுதான் அன்று என்னால் செய்ய முடிந்த வேலை.

போனில் இதைச் சொல்ல எனக்கு ஏலாது. நான் தொடங்கினால் நீ இடையில் கதைப்பாய், நான் அழுதுவிடுவேன், விசயம் நடுவில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஒரே இருப்பில் எழுதவில்லை. அரிசி வேகும்போது கொஞ்சம், அவர் கண்ணயரும்போது கொஞ்சம். வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இந்த ஊரில் இப்படி இருக்கிறது எங்கள் வீடு மட்டுமில்லை என்பது கிளினிக் வாங்கில் வரிசையில் இருக்கும்போது தெரிகிறது.

முதலில் நோய்க்கு முந்திய அப்பாவை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். நீ கொஞ்சம் மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின்களோடு வேலை செய்த மனிதர். பகல் முழுவதும் அந்த இரைச்சலுக்குள் நின்றதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. வேலை உடுப்பைக் கழற்றிக் கொடியில் போடுவார், குளிப்பார், சாப்பிடுவார், ரேடியோவில் செய்தி கேட்பார். நான் கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. நீ மெல்பேர்ணுக்கு முதன்முதலாகப் போன அன்று நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன். அப்பா உன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் சில்லுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "அப்பா ஒரு வார்த்தையும் சொல்லேல்ல" என்று நீ விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் எடுத்துச் சொன்னாய். உனக்கு அது நெடுநாள் மனக்குறை. எனக்கும் அதுதான் குறை, ஆனால் நான் பழகிவிட்டேன். முப்பத்தைந்து வருசத்தில் ஒரு ஆள் எதற்கும் பழகும்.

நோய் வந்ததை நாங்கள் நோய் என்று எடுக்கவில்லை. கையெழுத்துச் சிறுத்தது. நடக்கும்போது வலது கை வீசுவதில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கருவாடு கருகிப் புகை வந்தபோதுகூட மணம் தெரியவில்லை என்றார். பென்சன் எடுத்த மனிசருக்கு வயசு போகிறது என்றுதான் நினைத்தோம். பிறகு கிளினிக்கில் சொன்னார்கள், பார்க்கின்சன் என்று. மூளையின் அடியில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கிற கலங்கள் செத்துக்கொண்டு போகின்றன, அதனால்தான் கை சொல்வழி கேட்கவில்லை என்றார்கள். ஒரு குளிசை தந்தார்கள். கொஞ்ச நாளில் அது போதவில்லை. டோபமினைப் போலவே மூளையில் போய் வேலை செய்கிற இன்னொரு குளிசையைச் சேர்த்தார்கள். அதை மெல்லமெல்லக் கூட்டினார்கள்.

தம்பி, அந்த இரண்டாவது குளிசை பிடித்த முதல் மாதங்களை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீயும் கண்டாய். கை வீசி நடந்தார். சேர்ட்டுக்குத் தானே பொத்தான் போட்டார். அதோடு நிற்கவில்லை. கதைக்கத் தொடங்கினார். காலையில் பிளேன்ரீ குடித்தபடி என்னோடு கதை, வாசலில் போகிற மீன்காரனோடு கதை, பின்னேரம் உன்னோடு கதை. நீ போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டுச் சமைப்பாய், அவர் இங்கே கதிரையின் நுனியில் இருந்து சிரித்துச் சிரித்துக் கதைப்பார். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த மனிதர் இவ்வளவு காலம் எங்கே இருந்தார் என்று நினைப்பேன்.

ஒருநாள் உனக்கு அந்த ரியூசன் கதையைச் சொன்னார். நீ பத்தாம் வகுப்பு முடித்து ஓ.எல் சோதனைக்குப் படித்த காலம். நாட்டில் சண்டை நடந்துகொண்டிருக்க, பெடியன்கள் வீட்டை விட்டுப் போனால் திரும்பி வருவார்களா என்று ஊரில் எல்லாத் தாய்மாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். நீ பாலையூற்று வீட்டிலிருந்து ரவுணுக்குச் சைக்கிளில் ரியூசனுக்குப் போவாய். உனக்குத் தெரியாமல் அவரும் தன் சைக்கிளில் பின்னால் வந்து, நீ படலைக்குள் போனதைப் பார்த்த பிறகுதான் திரும்புவாராம். "நீ ஒருக்காத் திரும்பிப் பாத்தனி. நான் தேத்தண்ணிக் கடைக்குள்ள பூந்திட்டன்" என்று சொல்லிக் குலுங்கிச் சிரித்தார். நீ அங்கே கண்ணைத் துடைத்தாய். அடுத்த பார்சலில் அவருக்கு ஒரு பெட்டி நிறைய நட்டுத் திருகுகிற சாவியும் குறடும் அனுப்பினாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் போன் திரையில் தெரியவில்லை. நானும் முதலில் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே அது கெடுதலாகத் தெரியவில்லை. மின்விசிறியைக் கழற்றினார், துடைத்தார், பூட்டினார். நல்லது. ஸ்திரிக்கைப் பெட்டியைக் கழற்றினார். பிறகு என் கிரைண்டரை. கரையிலிருந்து ஆட்கள் வள்ளத்து எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள், இரண்டு மூன்றை நன்றாகவே செய்து கொடுத்தார். அப்புறம் பூட்டுவது குறைந்தது. கழற்றுவதுதான் வேலை. முன் அறையில் பாயை விரித்து, நட்டுகளைச் சிறிது பெரிதாக வரிசையில் அடுக்குவார், ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் தோய்த்து மினுக்குவார், வரிசையைக் கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்குவார். விடியும்போது நான் எழும்பிப் பார்த்தால் பாயில் இருப்பார். மத்தியானமும் அதே இடத்தில் இருப்பார். சாப்பாடு ஆறிக் கிடக்கும். "இஞ்சேருங்கோ, எழும்பி வந்து சாப்பிடுங்கோ" என்று தோளில் தொட்டால், எங்கள் கலியாணத்துக்குப் பிறகு ஒருநாளும் என்னை முறைக்காத மனிதர் முறைத்தார். "போறியோ ஒருக்கா? எண்ணிக்கை பிழைக்குது."

தண்ணி மோட்டர் கழன்று கிடந்தது. நான் பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளி, வாளி வாளியாகத் தூக்கி வந்தேன். என் முழங்கால் உனக்குத் தெரியும். அப்போதும் நான் யோசித்தேன், பரவாயில்லை, மனிசர் சந்தோசமாக இருக்கிறார், தண்ணீர் அள்ளுவது பெரிய விசயமா என்று.

பிறகு நூர்தீனின் எஞ்சின். நூர்தீனை உனக்குத் தெரியும், மூதூர்க்காரர், இங்கே கரையில் வள்ளம் வைத்திருக்கிறார், அப்பாவைப் 'பாஸ்' என்று கூப்பிடுகிறவர். அவருடைய எஞ்சினில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அப்பா கரைக்குப் போனபோது அதைக் கண்டு, ஒருக்காத் திறந்து பார்த்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கி வந்தார். திறந்தார். மினுக்கினார். ஆள் வந்து கேட்கக் கேட்க அவசரமாகப் பூட்டிக் கொடுத்தார். நூர்தீனும் அவருடைய மச்சானும் இலங்கைத்துறைப் பக்கம் வலை போடப் போனார்கள். கடலில் வைத்துப் புரொப்பெலர் கழன்று விழுந்துவிட்டது. அதைப் பிடித்து வைக்கிற நட் கழலாமல் இருக்க ஒரு சின்னப் பின் போடுவார்களாம். அது போடப்படவில்லை. காற்று வெளியே தள்ளத் தள்ள, துடுப்போடு மாரடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். பின்னேரம் வேறு வள்ளக்காரர் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். மச்சானின் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது.

அடுத்த நாள் நூர்தீன் வீட்டுக்கு வந்தார். நான் பயந்துபோய் வாசலிலேயே நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. உள்ளே வந்து, பாயில் அடுக்கிக் கிடந்த வரிசைகளைப் பார்த்தார். அந்தப் பின் அங்கே இருந்தது, மற்றப் பின்களோடு, நன்றாக மினுக்கி. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதை அந்த இடத்திலயே வையுங்கோ நூர்தீன்" என்றார்.

நூர்தீன் அதை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, இவரு வேணுமெண்டு செய்ற ஆள் இல்ல. இவருக்குத் தலைக்குள்ள என்னமோ நடக்குது. டொக்டர்ட்டக் காட்டுங்க" என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது, "நான் கோவமில்லையெண்டு பாஸுக்குச் சொல்லுங்க. மச்சான் கோவம்தான். அவனுக்கு மூணு புள்ள" என்றார்.

கிளினிக்கில் இருக்கிற டொக்டர் சிங்களப் பெண், கந்தளாய்ப் பக்கம். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைப்பார். நான் பாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினதும் பேனையை வைத்துவிட்டார். நான் முடித்த பிறகு, "இது உங்கட கணவர் இல்லை அம்மா. இது மருந்தும் மூளையும் சேர்ந்து செய்றது" என்றார். எனக்கு விளங்கவில்லை என்றேன். வெளியே வரிசை நீண்டு கிடந்தது, இருந்தாலும் இருத்தி வைத்துச் சொன்னார். எனக்கு விளங்கின அளவில் உனக்கும் சொல்கிறேன்.

மூளையில் ஒரு வேலையை ஒரு இடம் தனியே செய்வதில்லையாம். முன்னுக்கு இருக்கிற ஒரு பகுதியும் பின்னுக்கு இருக்கிற ஒரு பகுதியும் ஆழத்தில் கிடக்கிற இன்னொன்றும் தூரத்தூர இருந்தபடியே ஒன்றாக ஏறி இறங்கி, கூட்டாக வேலை செய்கின்றன. நாங்கள் சும்மா இருந்து பழசை யோசிக்கும்போது ஒரு கூட்டு. கண்ணையும் கையையும் வைத்து ஒரு காரியத்தைப் பார்க்கும்போது இன்னொரு கூட்டு. இது முக்கியம் கவனி, இது போதும் விடு என்று பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிவிட வேறொரு கூட்டு. இவை எவ்வளவு இறுக்கமாகச் சேர வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பதில் டோபமின் போன்ற இரசாயனங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறதாம். அடியில் ஒரு சின்ன இடத்தில் ஊறினாலும் அவை நெடுந்தூரம் போய்ச் சேருகின்றன. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒரு இடம் மட்டும் மாறுவதில்லை, கூட்டுகள் சேருகிற விதமே மாறிவிடுகிறது. அப்பாவுக்குப் 'போதும், விடு' என்று மாற்றிவிடுகிற வேலை நடக்கவில்லை. ஒரு நட்டைக் கண்டால், உலகத்தில் அதைவிட முக்கியமானது ஒன்றும் இல்லை.

"அப்ப கைக்கு நல்லது செய்த குளிசை ஏன் இதைக் கெடுத்தது?" என்று கேட்டேன்.

"எங்கட அப்பா வயல் செய்றவர்" என்றார் டொக்டர். "குளத்து மதகைத் திறந்தா, காஞ்ச வயலுக்கும் தண்ணி போகும், ஏற்கெனவே தண்ணி நிக்கிற வயலுக்கும் போகும். கை அசைக்கிற பக்கம் இவருக்கு நல்லாக் காஞ்சு போச்சு. ஆசைப்படுற பக்கம் அவ்வளவு காயேல்ல. நான் தாற மருந்து ரெண்டுக்கும்தான் போகுது. ஒவ்வொரு வரம்பாப் போய் எனக்குத் திறக்க ஏலாது அம்மா." எல்லாருக்கும் இப்படி வருவதில்லை என்றும், பலருக்கு இதே குளிசை ஒரு கரைச்சலும் தராது என்றும் சொன்னார். திடீரென்று நிப்பாட்டவும் கூடாது, மெல்லமெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றார். நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

குளிசையைக் குறைத்துக்கொண்டு வந்த கிழமைகளைப் பற்றி நான் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேர்த்துக் கொட்டும், பயம் என்பார், என்ன பயம் என்றால் சொல்லத் தெரியாது. சில நாள் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அந்த அழுகை நின்ற பிறகு வந்ததுதான் இன்னும் கஷ்டம். ஒன்றும் இல்லை. பாயை நான் சுருட்டி வைத்தபோது ஏனென்று கேட்கவில்லை. நீ அனுப்பிய சாவிப் பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்தேன், பார்த்தார், முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தொலைக்காட்சி ஓடினாலும் ஒன்று, நின்றாலும் ஒன்று.

அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். நாலு வருசத்துக்குப் பிறகு வருகிறாய். சிரித்துக் கதைக்கிற அப்பாவைப் பார்க்க வந்தாய். கதிரையில் ஒரு ஆள் இருந்தார். நீ கட்டிப் பிடித்தாய், அவர் கை உயரவில்லை. உன் முகம் போன போக்கை நான் கண்டேன். வீட்டில் நின்ற அந்த இரண்டு கிழமையும் நீ அவருக்கு முன்னால் இருந்து கதைத்துப் பார்த்தாய், கரைக்குக் கூட்டிப் போனாய், உன் பழைய சைக்கிளைக்கூட உருட்டிக் கொண்டுவந்து காட்டினாய். போவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் உடுப்புக் கழுவும் கல்லடியில் நிற்க, நீ வந்து பக்கத்தில் குந்தினாய். "அம்மா, அப்ப எனக்கு அப்பா சொன்னதெல்லாம் குளிசை கதைச்சதுதானே?" என்று கேட்டாய். நான் "அப்பிடியெல்லாம் இல்லையடா" என்றேன். அது பதில் இல்லை. உனக்கும் அது தெரிந்தது. அடுத்த நாள் அந்தக் கோபம்தான் வான் வாசலில் என் தலையில் இறங்கியது.

நீ என்னைத் திட்டியதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தப்படவே நேரமில்லை. ஆனால் நீ கேட்ட கேள்வியை விட்டுவிட முடியவில்லை. சோறு வடிக்கும்போதும் அது வந்தது, அவருக்குச் சவரம் செய்யும்போதும் வந்தது.

முதல் பதில் இது. அந்த ரியூசன் கதை உண்மை. எனக்குத் தெரியும், நான் பார்த்தவள். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் அவரும் எடுப்பார். திரும்பி வரும்போது சேர்ட்டின் முதுகு தொப்பலாக நனைந்திருக்கும். வேலையால் வந்து சாப்பிடாமல் போன மனிசருக்கு நான்தான் கறியைத் திரும்பச் சூடாக்குவேன். எங்கே போனீங்கள் என்றால், "சைக்கிள் ரயருக்குக் காத்துப் பாக்க" என்பார். கிழமையில் நாலு நாள் ரயருக்குக் காற்றுப் பார்க்கிற மனிதர். நான் மேலே கேட்கமாட்டேன். குளிசை அந்தக் கதையைச் செய்யவில்லை, தம்பி. குளிசைக்கு உன் சைக்கிளைத் தெரியாது, அந்த ரோட்டைத் தெரியாது. அது அவருக்குள் எவ்வளவோ காலம் வாய் திறக்காமல் கிடந்தது. குளிசை வாயைத் திறந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது எனக்கே நடந்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். ஒருநாள் அந்த டொக்டர் அப்பாவைப் பார்த்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்க எப்பிடி நித்திரை கொள்றீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் ஒரு சின்னக் குளிசை எழுதித் தந்தார். அது வேறொரு இரசாயனத்தோடு வேலை செய்கிறதாம், பிடிக்க ஒரு மாதம் செல்லும் என்றார். எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை, ஆனாலும் குடித்தேன். பிறகு ஒருநாள் அப்பா தேத்தண்ணியை மடியில் ஊற்றிவிட்டார். நான் துடைத்தேன், உடுப்பை மாற்றினேன், வேறு தேத்தண்ணி போட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் யோசித்தேன், எனக்குக் கோபம் வரவில்லையே என்று. இவ்வளவு காலமும் நான் என்னை எரிச்சல்காரி என்றே நினைத்திருந்தேன். என் அம்மாவும் அப்படித்தான், அது எங்கள் குணம் என்று. அப்போது அந்தக் கோபக்காரி உண்மையான நானா, இந்தத் தேத்தண்ணி போட்டவள் உண்மையான நானா? களைப்பில் அதற்கு மேலே யோசிக்க முடியவில்லை. இரண்டு பேரும்தான் உன்னை வளர்த்தோம் என்று விட்டுவிட்டேன்.

நீ உண்மையான அப்பாவைத் தேடுகிறாய். ஒரு குளிசையும் இல்லாத அப்பாவை எடுத்துக்கொண்டால், அவர் கட்டிலில் திரும்பிப் படுக்கவும் முடியாமல் கிடப்பார். நோய்க்கு முந்திய அப்பாவை எடுத்துக்கொண்டால், அவருடைய மூளையிலும் அதே இரசாயனங்கள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, யாரும் குளிசையாகக் கொடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். நாளைக்கு நீயும் ஒருத்தியைக் கட்டுவாய். அவளும் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகோ, வயசு போகும்போதோ, நீ கட்டின ஆளாக இருக்கமாட்டாள். நீயும் இருக்கமாட்டாய். அப்போது எந்த ஆள் உண்மை என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. எந்த ஆள் முன்னால் இருக்கிறாரோ, அவருக்குச் சோற்றைப் போடு.

இருந்தாலும் உன் சொல் என்னைக் குடைந்தது. எனக்கு லேசாக இருக்க வேண்டுமென்றுதான் செய்தேனோ? தண்ணீர் அள்ளுவது நின்றது உண்மை. முன் அறையில் கால் வைத்து நடக்க முடிவது உண்மை. நீ போன அடுத்த கிளினிக்கில் நான் டொக்டரிடம் நேரே கேட்டேன். "அந்தக் குளிசையைக் கொஞ்சம் திரும்பக் குடுக்க ஏலாதோ? என்ர மகன் ஆசைப்படுகிறான்."

டொக்டர் என்னிடம் பதில் சொல்லவில்லை. கதிரையை அப்பாவின் பக்கம் திருப்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. அந்த மருந்து கொஞ்சம் வேணுமா? சின்ன அளவில குடுத்துப் பாக்கலாம். ஆனா பழையபடி வந்தாலும் வரும்."

வெளியே தாதி அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். நான் வாயைத் திறந்தேன், டொக்டர் கையால் என்னைத் தடுத்தார். அப்பாவுக்குக் கேட்டதா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அந்தத் தணிந்த குரலில் தொடங்கினார்.

"நல்லா இருந்தது டொக்டர். எல்லாச் சாமானும் என்னைக் கூப்பிட்ட மாதிரி. ஒரு நட்டைக் கண்டாலும் விட மனம் வராது. காணும், போதும், கையை எடு எண்டு நானே சொல்லுவன். கை கேக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்ப ஒண்டும் கூப்பிடுதில்லை."

"அது கவலையா ஐயா?"

"கவலையெண்டும் இல்லை. மகன் வந்தவன். அவனோட கதைக்க வேணுமெண்டு தெரியும். என்ன கதைக்க வேணுமெண்டும் தெரியும். உள்ளுக்கு இருந்து எழும்பி வரேல்ல." பிறகு தலையை அசைத்தார். "வேணாம் டொக்டர். வள்ளத்தில போறது ஆக்கள்."

இதுதான் நடந்தது. நான் நிப்பாட்டவில்லை. தொடக்கியதும் நான் இல்லை. அவரே சொன்னார், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். உனக்குக் கோபம் வேண்டுமென்றால் அதை வைத்துக்கொள், ஆனால் அதை இந்த நோயோடு வைத்துக்கொள்.

டொக்டர் அந்த முதலாவது குளிசையின் நேரங்களை மாற்றித் தந்தார். மீனும் இறைச்சியும் அந்தக் குளிசையைப் பிடிக்கவிடாமல் மறிக்குமாம், அதனால் மத்தியானம் மரக்கறி, மீன் இரவுக்கு. கடலடியில் பிறந்து வளர்ந்த மனிதர் மத்தியானம் பூசணிக்காயோடு சோறு சாப்பிடுகிறார். ஒன்றும் சொல்வதில்லை. இந்த ஒன்றும் தோன்றாமல் இருப்பதும் நோயின் ஒரு பக்கம்தான், பாசம் இல்லாமல் போனது இல்லை என்று டொக்டர் சொன்னார். அவருக்குள்ளிருந்து தொடக்கம் வராது, வெளியிலிருந்து யாராவது தொடக்கிவிட்டால் பின்னால் வருவார் என்றார். அதனால் நான் கேட்பதில்லை, செய்கிறேன். செருப்பைக் காலடியில் வைக்கிறேன், எழும்புகிறார். ஓட்டோவைக் கூப்பிடுகிறேன், ஏறுகிறார். நூர்தீன் கரையில் தன் வள்ளத்து நிழலில் ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறார். அங்கே இருவரும் இருக்கிறார்கள். நூர்தீன் கதைக்கிறார், அப்பா இருக்கிறார். மச்சான் இன்னும் அந்தப் பக்கம் வருவதில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். பதினொரு மணிக் குளிசை பிடித்த பிறகு, மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் அவருக்கு நல்ல நேரம். அங்கே உனக்கு வேலை முடிந்து ரயிலில் வருகிற நேரம். அப்போது எடு. எப்பிடி இருக்கிறீங்கள், சந்தோசமா என்று கேட்காதே, அதற்கு அவரிடம் பதில் இல்லை. சின்னதாக ஒன்றைக் கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. போன் வேலை செய்யவில்லை என்று நினைக்காதே. அப்பா, கேக்குதா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்காதே, கூப்பிட்டால் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது அவருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தபோது நான் உடுப்பு வாளியோடு பின்பக்கம் நின்றேன். போனை அவருடைய கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். "சாப்பிட்டீங்களா அப்பா?" என்று நீ கேட்டது யன்னலுக்குள்ளால் கேட்டது. பிறகு இரண்டு தரம் "அப்பா" என்றாய். "சரியப்பா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்போதுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓம் தம்பி, சாப்பிட்டனான். நீ சாப்பிட்டியோ?" திரை கறுத்துப் போயிருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீ பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா